வைகாசி பிறக்கட்டும், பிறகு கன்று வைப்போம்

(எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியதை ஓரளவு செம்மைப்படுத்திப் புத்தாண்டு மலருக்காக எழுதித் தந்துள்ளேன்.)



பூக்கன்று வாங்குவது பற்றி அரை மணித்தியாலம் பேசும்படி செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியிலே எட்டிப் பாருங்கள், மதிலோரம் இன்னும் கறுத்த ஸ்நோ கிடக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதுதான் பேசவேண்டிய நேரம். இன்னும் இரண்டு மூன்று கிழமையில் ஒரு சனிக்கிழமை நல்லாய் வெயில் எறிக்கும். சனம் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நர்சரிக்கு ஓடும். ஓடிப்போய், கைக்காசைக் கொடுத்துப் பெட்டி பெட்டியாகக் கன்று வாங்கி, அதிலே பாதியைச் சாகக் கொடுக்கும். வேலைப் பேர்மிட் கிடைத்த கிழமையே லாவாலில் ஒரு நர்சரிக்கு மண் அள்ளப் போனவன் நான். பதினொரு கோடை அங்கே நின்று அந்த ஓட்டத்தை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். எனக்குப் படிப்பு என்று சொல்ல அதுதான். விவசாயப் பட்டம் ஒன்றும் இல்லை.

பிரெஞ்சு மொழியை நான் வகுப்பில் படிக்க முன்னமே கன்றுச் சாடிகளில் குத்தியிருக்கிற அட்டைகளில் படித்தேன். 'சொலேய்' என்றால் நல்ல வெயில். 'மி-ஓம்பிர்' என்றால் அரை நிழல். 'ஓம்பிர்' என்றால் நிழல். இவற்றுக்கெல்லாம் முன்னம் படித்தது இரண்டு சொல்: 'அன்யுயெல்', 'விவாஸ்'. நர்சரிக்குள் கால் வைத்தவுடன் கடைக்காரர் கேட்கிற முதற் கேள்வியும் அதுதான். அன்யுயெல் வேணுமோ, விவாஸ் வேணுமோ? அன்யுயெல் என்றால் ஒரு கோடைக்குப் பூத்துவிட்டுச் செத்துப்போவது. விவாஸ் என்றால் குளிருக்குத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, வேரில் உயிரை வைத்திருந்து, அடுத்த வருடம் திரும்ப முளைப்பது. எங்கள் ஆட்கள் கனபேர் இந்தக் கேள்வி விளங்காமல் தலையாட்டிவிட்டு, வடிவாய்ப் பூத்திருக்கிறதை வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த சித்திரையில் பாத்தியைக் கிண்டிக்கிண்டிப் பார்த்துவிட்டு, "ஏமாத்திப்போட்டான்" என்று வந்து நிற்பார்கள். ஒருவரும் ஏமாற்றவில்லை. அட்டையில் எழுதித்தான் இருந்தது.

நான் முதல் முதலாக அம்மாவை நர்சரிக்குக் கூட்டிக்கொண்டு போன நாளைச் சொல்லவேண்டும். அம்மா வலிகாமம் வடக்குச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் வைத்து, துலா மிதித்து இறைத்த காலத்தையும் மெசின் இறைப்பையும் கண்டவ. 1990 ஜூனில் அந்த வளவையும் கிணற்றையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டவ. இங்கே வந்தபோது எங்களுக்கு நாலாம் மாடி, ஒரு பல்கனி. அவவுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கூடாரத்துக்குள் ஒரு மேசை நீளத்துக்கு வெள்ளையும் றோசும் ஊதாவுமாய் ஒரு பூ. ஆறு ஆறு கன்றாகப் பெட்டியில் விற்பனைக்கு. அம்மா குனிந்து பார்த்தா, இலையைத் திருப்பிப் பார்த்தா, பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தா.

"எட மோனை, இது எங்கடை பட்டிப்பூவெல்லோ. சுடலையடியிலை கேப்பாரில்லாமல் நிக்கிறது. இதுக்கும் காசோ?"

அட்டையில் 'வின்கா' என்று போட்டிருந்தது. கீழே 'அன்யுயெல்'. நான் அம்மாவுக்கு விளக்கினேன், இது ஒரு கோடைக்குத்தான் நிற்கும் என்று. அம்மா நம்பவில்லை. "பட்டிப்பூ சாகாது. வெட்டி எறிஞ்சாலும் நிக்கும். ஆர் சொன்னது ஒரு வருசம் எண்டு?"

அம்மா சொன்னது சரி. அட்டையில் இருந்ததும் சரி. இதைத்தான் நான் இன்று உங்களுக்கு முதலில் விளங்கப்படுத்த விரும்புகிறேன். இங்கே அன்யுயெல் என்று விற்கிற செடிகளில் ஒரு பெரும் பங்கு தன் சொந்த மண்ணில் பல வருடம் நிற்கிற செடி. பட்டிப்பூ, செவ்வரத்தை, நாயுண்ணி, ஜெரேனியம், இம்பேஷன்ஸ், பெகோனியா, கோலியஸ் எல்லாம் அப்படித்தான். மிளகாய்க் கன்றும் கத்தரியும்கூட எங்கள் ஊரில் கோடி வளவில் இரண்டு மூன்று வருடம் காய்த்தபடி நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் ஆயுள் ஒரு வருடமில்லை. மொன்றியலின் தைமாதக் குளிர் மைனஸ் 25க்குக் கீழே இறங்குகிறபடியால்தான் அவற்றுக்கு இங்கே ஒரு வயது. சீனியாஸ், சூரியகாந்தி மாதிரி, விதையில் தொடங்கி விதையில் முடிகிற உண்மையான ஒரு வருடச் செடிகளும் உண்டு. அவை எங்கே நட்டாலும் அப்படித்தான்.

பட்டிப்பூ பற்றி இன்னொன்று சொல்லாமல் விடமுடியாது. அதன் பிறப்பிடம் மடகஸ்கார். ஜமெய்க்காவில் நீரிழிவுக்கு அதன் இலையை அவித்துக் குடிப்பார்கள் என்று, 1952இல் கொஞ்ச இலை கனடாவுக்கு அனுப்பப்பட்டது. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் றொபேட் நோபிள், சார்ள்ஸ் பியர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்தார்கள். சீனி குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வழியே போய் 1958இல் வின்பிளாஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியில் இருந்து பிறகு வந்த வின்கிறிஸ்ரின், பிள்ளைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கொடுக்கப்படுகிறது. சுடலையடியில் நின்ற பூ. ஆனால் ஐயாமாரே, அம்மாமாரே, இதைக் கேட்டுவிட்டு வீட்டில் இலையை அவித்துக் குடித்துவிடாதேங்கோ. அது நஞ்சு. மருந்தாக்குவது ஆஸ்பத்திரி வேலை.

சரி, எப்போது வாங்குவது? இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தாலே உங்கள் காசில் பாதி மிஞ்சும்.

இங்கத்தைய பழைய தோட்டக்காரர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மே 11, 12, 13 ஆகிய மூன்று நாளையும் 'பனிப் புனிதர்கள்' நாள் என்பார்கள். மமேர், பாங்கிராஸ், செர்வே என்று மூன்று புனிதர்கள். அவர்கள் போகும் வரை மெல்லிய கன்றை வெளியே வைக்கமாட்டார்கள். நர்சரியில் என்னோடு வேலை செய்த ஒரு கிழவர் இதைச் சொன்னபோது நான் வீட்டுக்கு வந்து பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தேன். மே 14 அல்லது 15, வைகாசி முதலாம் தேதி! இதைவிட இலகுவான கணக்கு எங்களுக்கு வேறு வேண்டாம். சித்திரையில் ஆசைப்படுங்கள், வைகாசி பிறந்த பிறகு நடுங்கள். இன்னும் பத்திரம் வேண்டுமென்றால் மே 25க்கு முந்திய திங்கள் வருகிற பத்திரியோத் லீவு நாள் வரை பொறுங்கள். மொன்றியல் தீவின் நடுவில் கட்டடச் சூடு இருக்கிறபடியால் உறைபனி கொஞ்சம் முந்தியே விட்டுவிடும். லாவாலிலும் தென்கரையிலும் வளவுள்ள வீட்டுக்காரர் அதை நம்பி நடக்கக்கூடாது.

நானே இதில் அடிபட்டவன்தான். கோட் டெ நேஜில் இருந்த முதல் வருடம், மே முதற் கிழமை வெயிலைக் கண்டு இருபத்திநாலு மிளகாய்க் கன்றைப் பல்கனியில் வரிசையாக வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவ்வளவும் அவித்த கீரை மாதிரிச் சரிந்து கிடந்தது. நர்சரியில் வேலை செய்கிறவன் என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லித் திரிந்தவன் நான். அந்தக் கிழமை முழுக்கப் பின்கதவாலே போய் வந்தேன்.

வைகாசியில் வாங்கினாலும், வாங்கிய அன்றே வெயிலில் வைக்கக்கூடாது. கன்று கண்ணாடிக் கூடாரத்தில் சொகுசாய் வளர்ந்தது. காற்றும் தெரியாது, நேர் வெயிலும் தெரியாது. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று ஏழெட்டு நாள் பழக்கி, இரவில் உள்ளே எடுத்து, பிறகுதான் வெளியே விடவேண்டும். வந்த புதிதில் எங்களையும் ஒருத்தர் இப்படிப் பழக்கியிருந்தால் நல்லாய்த்தான் இருந்திருக்கும்.

இனி உங்கள் இடத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, எத்தனை மணித்தியாலம் விழுகிறது என்று ஒரு நாள் இருந்து பார்த்துக் கடதாசியில் எழுதுங்கள். மொன்றியலில் திசையை நம்பவேண்டாம். இந்த நகரத்தில் 'வடக்கு' என்று சொல்வது ஆற்றை வைத்துச் சொல்கிற வடக்கு. உண்மையில் அது நன்றாக மேற்குப் பக்கம் சாய்ந்தது. என் வீடு கிழக்குப் பார்த்தது என்று சொல்லி வாங்கிப்போன கன்று நிழலில் நின்று வெளிறினதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் நேர் வெயில் என்றால் பெற்றூனியா, மேரிகோல்ட், சீனியாஸ், பட்டிப்பூ, கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜெரேனியம் எதுவும் நிற்கும். மேரிகோல்டை எங்களில் சிலர் செவ்வந்தி என்பார்கள், இந்தியாக்காரர் செண்டுப்பூ, துலுக்கச் செவந்தி என்பார்கள். பெயரில் சண்டை வேண்டாம், சுவாமிக்கு வைக்க இதுபோல மலிவான பூ இங்கே இல்லை. டொலார் டெ ஓர்மோ திருமுருகன் கோவிலுக்குப் போகிற ஒவ்வொரு வெள்ளியும் கடையில் பூ வாங்குகிற காசை ஒரு பெட்டிக் கன்று மிச்சப்படுத்தித் தரும். வாடியதைக் கிள்ளிக்கொண்டே வந்தால் ஐப்பசி வரை பூக்கும்.

நிழல் பல்கனி என்றால் பெகோனியா, கோலியஸ். முந்தி நிழலுக்கு எல்லாரும் இம்பேஷன்ஸ்தான் வாங்குவார்கள். 2010க்குப் பிற்பட்ட வருடங்களில் ஒரு பூஞ்சண நோய் வட அமெரிக்கா எங்கும் பரவி, ஒரே கிழமையில் இலை கொட்டித் தண்டு மட்டும் நிற்கிற மாதிரி ஆக்கிவிட்டது. அதன் பிறகு நோய் தாங்குகிற புது இனங்கள் வந்திருக்கின்றன. நியூகினி இம்பேஷன்ஸுக்கும் அந்த நோய் பெரிதாகப் பிடிக்காது. வாங்கும்போது எந்த இனம் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது நர்சரிக்குள் போவோம். பூவைப் பார்த்து வாங்காதேங்கோ. நான் பதினொரு வருடம் பார்த்த மிகப் பெரிய பிழை இதுதான். ஒரு பெட்டியில் நிறையப் பூ விரிந்திருந்தால், அந்தக் கன்று தன் பலத்தைச் சின்னக் குழிக்குள்ளேயே செலவழித்துவிட்டது என்று அர்த்தம். மொட்டு இருக்கவேண்டும், ஒன்றிரண்டு பூ நிறம் காட்டப் போதும். உயரமாய், மெலிந்து, வெளிச்சத்துக்கு எட்டிப் பார்க்கிற கன்று வேண்டாம். கட்டையாய், தண்டு தடித்து, கீழ் இலையும் பச்சையாய் நிற்கிறதை எடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் மாதிரி வெள்ளை ஈ பறந்தால், மெல்லிய சிலந்தி நூல் தெரிந்தால், பிசுபிசுத்தால், அந்தப் பெட்டியை மாத்திரமல்ல, அந்த மேசையையே விட்டு விலகுங்கள். அது உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கும் தொற்றும். பிறகு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, பார்த்தாலும் பரவாயில்லை, கன்றை மெதுவாகச் சாடியில் இருந்து இளக்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாய் இருக்கவேண்டும். மண்ணே தெரியாமல் வேர் சுற்றிச் சுற்றிப் பாய் மாதிரிப் பின்னியிருந்தால் அது பழைய கன்று. மண்ணிறமாய் அழுகல் மணம் அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு நல்ல கடைக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபிக்கிறவரிடம் வாங்கவேண்டாம்.

வேர் கொஞ்சம் சுற்றியிருந்து நீங்கள் வாங்கிவிட்டால், நடும்போது அடியை விரலால் உதிர்த்துவிடுங்கள். எங்கள் அம்மாமார் கைநோகாமல் அப்படியே தூக்கி வைப்பார்கள், கன்றுக்கு நோகும் என்று. உதிர்க்காவிட்டால் வேர் அந்த உருண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும், புது மண்ணுக்குள் இறங்காது.

சாடிக்கு வளவு மண் போடாதேங்கோ, அது இறுகிவிடும். 'தெரோ' என்று பையில் விற்கிற இளகின மண் வாங்குங்கள். சாடிக்கு அடியில் ஓட்டை கட்டாயம். பசளைப் பையில் மூன்று இலக்கம் போட்டிருக்கும்: முதலாவது நைதரசன், இரண்டாவது பொஸ்பரஸ், மூன்றாவது பொட்டாசியம். முதலாவது கூடினால் இலை செழிக்கும், பூ வராது. 20-20-20 ஐத் தண்ணீரில் கரைத்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை விட்டால் பல்கனிக்குப் போதும். யூலையில் தொங்குசாடிக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர். மேல்மாடிக் காற்று வெயிலைவிட மோசமாய்க் காயவைக்கும். இன்னொன்று, வெளிப் படிக்கட்டில் சாடி அடுக்கவேண்டாம். வடிவாய்த்தான் இருக்கும், ஆனால் நெருப்புப் பிடித்தால் நீங்களும் பிள்ளைகளும் இறங்குகிற வழி அது.

மரக்கறி பற்றிக் கேட்கப் போகிறீர்கள், தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே ஆனி மாதத்தில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டரைதான். அதனாலே வைகாசியில் விரலளவு வைத்த கத்தரி ஆடியில் காய்க்கும். மிளகாய், தக்காளி, கத்தரியைக் கன்றாக வாங்குங்கள், விதை போட்டுக் காத்திருக்கக் கோடை போதாது. பயற்றையும் கீரையும் விதையாய்ப் போடலாம். தக்காளியை அணிலோடு பங்கு போட ஆயத்தமாய் இருங்கள். அது ஒரு கடி கடித்துவிட்டு மற்றதுக்குப் போகும், முழுதாய்த் தின்றாலும் மனம் ஆறும். வளவில்லாதவர்களுக்கு மொன்றியல் நகரசபையின் சமுதாயத் தோட்டங்கள் 1975 முதல் இருக்கின்றன. காத்திருப்போர் பட்டியல் நீளம். ஆனாலும் பெயரைப் பதிந்து வையுங்கள்.

இனி, வாடகை வீட்டுக்காரர் விசயம். இந்த ஊரில் யூலை முதலாம் தேதி வீடு மாறுகிற நாள் என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் அது மே முதலாம் தேதியாய் இருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் குழம்பாமல் இருக்க 1970களில் மாற்றினார்கள். தோட்டக்காரனுக்கு அதைப்போலக் கெட்ட நாள் இல்லை. வைகாசியில் நட்டு, ஆனியில் தளைத்து, பூக்கத் தொடங்குகிற நேரம் சாமானைக் கட்டவேண்டும். யூலையில் மாறப் போகிறீர்கள் என்று தெரிந்தால் நிலத்தில் நடாதீர்கள், எல்லாம் சாடியில். தூக்கிக்கொண்டு போகலாம்.

இந்த இடத்தில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் ஒரு நாள், எங்கள் ஆள் ஒருவர் தனியாக நர்சரிக்கு வந்தார். பார்க் எக்ஸ்ரென்ஷனில் அடித்தளத்து வீடு, முன்னாலே சின்னத் துண்டு நிலம். அவர் ஒரு பியோனிக் கன்றுக்கு முன்னாலே கனநேரம் நின்றார். பியோனி என்பது விவாஸ். தாமரையை நிலத்தில் வைத்த மாதிரிப் பூ. ஒருமுறை பிடித்துவிட்டால் ஐம்பது வருடமும் நிற்கும். அதுக்கு இந்தக் குளிர் வேண்டும், குளிர்காலம் படாவிட்டால் மொட்டே வைக்காது. ஊரில் தலைகீழாய் நின்றாலும் அது பூக்காது.

"தம்பி, இது எப்ப பூக்கும்?" என்று கேட்டார்.

"இரண்டு மூன்று வருசம் செல்லும் அண்ணை," என்றேன்.

அவர் பேசவில்லை. அவருடைய கேஸ் விசாரணை முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்தவன்தானே. நல்லது செய்கிறதாய் நினைத்துக்கொண்டு சொன்னேன், "கேஸ் முடியட்டும் அண்ணை. இப்ப பெற்றூனியா கொண்டு போங்கோ, இந்தக் கோடைக்கே பூக்கும்." அவர் தலையாட்டினார். ஒரு பெட்டிப் பெற்றூனியாவுக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு நாலைந்து வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் கண்டேன். கேஸ் சரிவந்துவிட்டது, மனுசி பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். சந்தோசமாய்க் கதைத்தார். எழும்பிப் போகும்போது தோளில் தட்டி, "உம்மடை கதையைக் கேளாமல் அண்டைக்கு அதை வாங்கியிருந்தா, இப்ப ரெண்டு தரம் பூத்திருக்கும்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதிலும் பெரிய வெட்கம், நான் அவருக்குச் சொன்னது தொழில் முறையிலும் சரியில்லை. பியோனியைப் புரட்டாசி மாதத்தில் கிளப்பி இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போய் நடலாம். கிழங்கின் முளைக்கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் நட்டால் போதும், ஆழமாய்ப் புதைத்தால்தான் பூக்காமல் மக்கர் பண்ணும். வீடு மாறினாலும் கூட வரக்கூடிய செடி அது. நான் அப்போது அதை அறியவில்லை. அதன் பிறகு விவாஸ் கேட்டு வந்த எங்கள் ஆள் ஒருவரையும் நான் தடுத்ததில்லை. எந்த வீடு, எவ்வளவு காலம் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். வெயில் எவ்வளவு என்று மட்டும் கேட்பேன்.

அன்யுயெலையும் முழுக்கச் சாகக் கொடுக்கத் தேவையில்லை. ஆவணி கடைசியில் ஜெரேனியத்தின் நுனியில் நாலங்குலத் துண்டு வெட்டி, ஒரு நாள் காயவிட்டுச் சாடியில் குத்துங்கள். கோலியஸ் தண்டைத் தண்ணீர்க் கிளாசில் போட்டாலே வேர் விடும். வெயில் விழுகிற யன்னலில் வைத்தால் மாரி முழுக்க உயிரோடு நிற்கும், அடுத்த வைகாசிக்கு உங்களுக்குக் காசு இல்லாத கன்று. கறிவேப்பிலை, மல்லிகை, துளசி, செவ்வரத்தைச் சாடிகளை இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போக முன்னம், புரட்டாசி பிறக்கிற அளவில் உள்ளே எடுங்கள். எடுக்க முன்னம் இலையைக் கழுவுங்கள். உள்ளே எடுத்த மூன்றாம் நாள் இலை கொட்டும், பயந்து தண்ணீரை ஊற்றாதீர்கள். மாரியில் மல்லிகை செத்தது குளிரால் அல்ல, பெரும்பாலும் எங்கள் பாசத்தால்தான்.

எங்கள் பட்டிப்பூவை அம்மா அப்படித்தான் வைத்திருந்தா. நர்சரி அட்டையைப் பிடுங்காமல், அதை யன்னலோரம் நாலு மாரி காப்பாற்றினா. வருகிற ஆட்களுக்கு அட்டையைக் காட்டி, "ஒரு வருசமாம்" என்பா.

ஊரில் இருந்து கன்று கொண்டுவருகிற எண்ணம் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். மண்ணோடு எந்தச் செடியும் ஊரில் இருந்து கொண்டுவர இங்கே தடை. பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து விமான நிலையத்தில் பறிகொடுத்து, தண்டமும் கட்டவேண்டி வரும்.

மலிவாய் எங்கே வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: ஜோன் தலோன் சந்தையில் மே மாதம் முழுக்க வளர்ப்பவர்களே கொண்டுவந்து விற்பார்கள். 1933இல் தொடங்கிய சந்தை. மாலையில் போனால் விலை குறைத்துக் கேட்கலாம், ஆனால் காலையில் போனவர் நல்லதைத் தெரிந்து கொண்டு போயிருப்பார். லாவாலில் சென்ற் டொறொத்தே பக்கம் கண்ணாடிக் கூடாரங்கள் நிறைய. நகரத்தின் சில அரோண்டிஸ்மோக்கள் மே மாதத்தில் வசிப்பவர்களுக்குப் பூக்கன்றும் கொம்போஸ்டும் இலவசமாகக் கொடுக்கின்றன. விலாசம் காட்டும் கடிதம் ஒன்று கொண்டுபோகவேண்டும். எங்கள் ஆட்கள் இதற்குப் போவது குறைவு. வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்கள் கட்டுகிற வாடகையிலும் வரியிலும் வருகிற கன்றுதான். வாங்க முன்னம் செடிகளைப் பெரிசாய் வளர்ந்தபடி பார்க்க ஆசையென்றால், 1931இல் மரி விக்தொரன் என்ற கத்தோலிக்கச் சகோதரர் தொடக்கிவைத்த தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். அதன் கண்ணாடி வீடுகளுக்குள் தைமாதத்திலும் ஊர் மணம் அடிக்கும். கண்ணாடி போட்டவர்களுக்கு உள்ளே போனவுடன் ஆவி பிடித்து ஒன்றும் தெரியாது, கொஞ்சம் நின்று போங்கள்.

நான் கூடப் பேசிவிட்டேன், சமையலறைப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்கிறது. கடைசியாக ஒரு அறிவித்தல். பனிப் புனிதர் மூன்று பேரும் போன பிறகு வருகிற முதற் சனிக்கிழமை காலை, நான் வாகனம் கொண்டு லாவாலுக்குப் போகிறேன். ஆறு பேருக்கு இடம் இருக்கிறது. திரும்பி வரும்போது கன்றுக்கும் இடம் வேண்டும், ஆனபடியால் உண்மையில் நாலு பேருக்குத்தான். படியேற ஏலாத பெரியவர்கள் உங்கள் பல்கனியில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று ஒரு துண்டில் எழுதித் தந்தால், நான் பார்த்து வாங்கி வந்து தருவேன். பெயர் கொடுக்கிறவர்கள் இண்டைக்கே செயலாளரிட்டைக் குடுங்கோ.